பத்தாவது காய்

எள் விளைந்துவிட்டதா என்று செடியைக் கேட்டால் ஒரே பதில் வராது. அடியில் இருக்கும் காய் ஒன்று சொல்லும், நுனியில் இருக்கும் பூ வேறொன்று சொல்லும். நெல் அப்படியில்லை. ஒரே நாளில் நட்ட நெல் ஏறக்குறைய ஒரே வாரத்தில் கதிர் விட்டு, மொத்த வயலும் ஒன்றாகத் தலை சாய்க்கும். எள் கீழேயிருந்து மேலே பூத்துக்கொண்டே போகும். நுனியில் கடைசிப் பூ பூக்கும்போது அடிக்காய்க்கு ஒரு மாத வயதாகியிருக்கும். நுனிக்காய் முற்றட்டும் என்று காத்திருந்தால் அடிக்காய் வெடித்து மண்ணில் கொட்டிவிடும். அடிக்காயைக் காப்பாற்றலாம் என்று முன்னாடியே அறுத்தால் நுனிக்காயில் இருப்பது பதர்.

இதற்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பு ஒரு வழி சொல்கிறது. அடியிலிருந்து பத்தாவது காயை எண்ணிப் பிரித்துப் பார்க்க வேண்டும். கருப்பு எள் ரகமென்றால் உள்ளே விதை கருத்திருக்க வேண்டும். கருத்திருந்தால் அறுக்கலாம். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. சாஃப்ட்வேரில் நாங்கள் செய்வதும் இதுதான். எல்லாவற்றையும் சோதிக்க நேரம் இருக்காது, ஒன்றைத் திறந்து பார்த்து மொத்தத்துக்கும் முடிவெடுப்போம். அம்மாவிடம் சொன்னேன். "பத்தாவதோ பன்னெண்டாவதோ, உங்கப்பா எண்ணமாட்டாரு. செடி நடுவுல கைய வச்சு ஒன்னு பிரிப்பாரு, அவ்வளவுதான்" என்றாள்.

*

எங்கள் ஊர் ஒரத்தநாடு பக்கம். கல்லணைக் கால்வாய் பாசனம், ஊரில் அதைப் புது ஆறு என்பார்கள். மேட்டூர் அணையும் இந்தக் கால்வாயும் 1934-இல் ஒரே திட்டமாக வந்தவை. அதனால் எங்கள் பயிர்களின் காலண்டரை எழுதுவது மேட்டூர்தான். வழக்கப்படி ஜூன் 12 அணை திறப்பு, ஜனவரி 28 மூடல். இரண்டு தேதிகளுக்கும் நடுவே நெல். மூடிய பிறகு வயலில் மிச்சமிருக்கும் ஈரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதுதான் மாசிப் பட்டத்தின் கேள்வி. பெரும்பாலும் உளுந்து, பயறு. கொஞ்சம் பேர் எள். அப்பா எள்ளுக்காரர்.

அவர் எப்போதும் அப்படி இருந்தவரில்லை. ஐந்து மாவில் ஒரு மாவைத் தென்னைக்கு ஒதுக்கியிருந்தார். எங்கள் பக்கம் மூன்று மா ஒரு ஏக்கர். 2018 நவம்பரில் கஜா புயல் வந்து அந்தத் தென்னைகளை ஒரே இரவில் சாய்த்தது. சாய்ந்த மரங்களை வெட்டி அப்புறப்படுத்தவே தை வந்துவிட்டது. பத்து வருடமாக நிழலில் கிடந்த மண்ணில் முதல் தடவையாக வெயில் விழுந்தது. "மூணு மாசத்துல காசு குடுக்கிற பயிர் எது?" என்று அவர் யோசித்ததில் எள் வந்து சேர்ந்தது. அடுத்த மாசியில் மற்ற நாலு மாவிலும் நெல்லுக்குப் பிறகு எள் என்று ஆகிவிட்டது.

2021 வைகாசியில் அவருடைய கடைசி எள் வீட்டுக்கு வந்தது. அந்த ஐப்பசியில் அவர் இறந்தார். எள்ளை விற்றாயிற்று. விதைக்கென்று அவர் ஒதுக்கி வைத்த ஒரு டின் மட்டும் நெல் பத்தாயத்துக்குப் பக்கத்தில், வெளிச்சம் படாத மூலையில் இருந்தது. ஒன்றரை கிலோ இருக்கும். மேலே வேப்பிலைச் சருகு, இறுக்கமான மூடி. மாதா மாதம் அமாவாசைக்குக் கருப்பு எள் வேண்டும். கடையிலிருந்து பாக்கெட் வரும். "அதான் டின்ல இருக்கே" என்று ஒரு தடவை கேட்டேன். "அது விதை. விதைய எடுத்துத் தண்ணியில விடக்கூடாது" என்றாள் அம்மா. விதைக்கவும் இல்லை. இரண்டு மாசிகள் அப்படியே போயின. வயலில் சித்தப்பா உளுந்து தெளித்துக்கொண்டிருந்தார்.

2024 பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது, இந்த மாசிக்கு எள் போடுவோம் என்று அம்மாவே பேச்சைத் தொடங்கினாள். சித்தப்பாவுக்கு இஷ்டமில்லை. முந்தைய ஆண்டு காவிரியில் தண்ணீர் குறைந்து மேட்டூரை அக்டோபரிலேயே மூடியிருந்தார்கள். போர்த் தண்ணீரில்தான் சம்பாவைக் கரையேற்றியிருந்தார். "எள்ளுக்கு ஏழு உழவு, கொள்ளுக்கு ஓர் உழவும்பாங்க. ட்ராக்டர் வாடகை உனக்குத் தெரியுமா தம்பி? அந்தப் பழைய வெத வேற. மொளைக்குமோ மொளைக்காதோ" என்றார். அவர் கேட்டதில் கடைசிக் கேள்விக்கு மட்டும் என்னால் பதில் தேட முடியும் என்று தோன்றியது.

*

விதை உயிருள்ள பொருள். காய்ந்து கிடந்தாலும் மெதுவாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும், மெதுவாகச் செத்துக்கொண்டும் இருக்கும். எவ்வளவு மெதுவாக என்பதை இரண்டே விஷயங்கள் பெரும்பாலும் முடிவு செய்கின்றன. விதைக்குள் இருக்கும் ஈரம், அது இருக்கும் இடத்தின் வெப்பம். ஹாரிங்டன் என்ற விதையியல் அறிஞர் இதை ஒரு கட்டைவிரல் கணக்காகச் சுருக்கிச் சொல்லியிருக்கிறார். விதை ஈரம் 1 சதவீதம் குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும். சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி குறைந்தாலும் ஆயுள் இரட்டிப்பாகும். ஈரம் 5 சதவீதத்துக்கும் 14 சதவீதத்துக்கும் இடையில் இருக்கும்வரை இது தோராயமாகப் பொருந்தும்.

இரட்டிப்புக் கணக்கு என்றால் என் மாதிரி ஆட்களுக்குக் கை பரபரக்கும். ஓட்டு வீட்டின் தரைமூலைக்கும், தார்சு வீட்டின் பரணுக்கும் கோடையில் 5 டிகிரி வித்தியாசம் இருக்கும். பரணில் வைத்தால் ஆயுள் பாதி. ஆனால் 9 சதவீத ஈரத்தில் மூடிய விதைக்கும் 6 சதவீதத்தில் மூடிய விதைக்கும் மூன்று இரட்டிப்பு வித்தியாசம், அதாவது எட்டு மடங்கு. குளிர்சாதனப் பெட்டியைத் தேடுவதைவிட இன்னொரு நாள் வெயிலில் போடுவது லாபம். சான்று விதைக்கு அரசு வைத்திருக்கும் அளவும் இதையே சொல்கிறது. எள்ளுக்குச் சாதாரணப் பையில் 9 சதவீத ஈரம் வரை இருக்கலாம், காற்றுப் புகாத கலனில் அடைத்தால் 5-ஐத் தாண்டக்கூடாது. மூடியை இறுக்கினால் உள்ளே இருக்கும் ஈரமும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

நெல்லைப் பார்த்துப் பழகிய கை எள்ளில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நெல்லுக்கு 13, 14 சதவீத ஈரம் பரவாயில்லை. எள்ளில் அதே எண் இருந்தால் மூட்டை வெந்து போகும். காரணம் எண்ணெய். எள்ளில் ஏறக்குறைய பாதி எண்ணெய், எண்ணெய் தண்ணீரை உறிஞ்சாது. ஆகவே ஈரம் முழுக்க மிச்சப் பாதியில்தான் இருக்கும். மொத்த எடையில் 7 சதவீதம் என்றால், அந்த மிச்சப் பாதிக்கு அது 14 சதவீதம். நெல்லில் 14 என்பது எவ்வளவு ஈரமோ எள்ளில் 7 என்பதும் ஏறக்குறைய அவ்வளவு ஈரம்தான்.

எங்கள் வீட்டில் ஈரம் அளக்கும் கருவி கிடையாது. இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சின்ன டிஜிட்டல் மானி ஒன்று வாங்கினேன். அது காற்றின் ஈரப்பதத்தைத்தான் காட்டும். ஆனால் மூடிய டின்னுக்குள் ஒரு நாள் போட்டுவைத்தால் விதைக்கும் அங்கிருக்கும் காற்றுக்கும் ஈரம் சமன்பட்டுவிடும். அந்தக் காற்று 65, 70-க்கு மேல் போனால் பூஞ்சை வளர வழி உண்டு, கீழே இருந்தால் பயமில்லை. அப்பாவின் டின்னைத் திறந்து மானியை உள்ளே வைத்து மூடினேன். மறுநாள் பார்த்தால் 49. இரண்டே முக்கால் வருடத்துக்குப் பிறகும் 49. அவர் அதை எத்தனை நாள் காயவைத்தார் என்று கேட்டேன். "நாலு நாளு. கடைசி நாள் வாயில போட்டுக் கடிச்சாரு. கடிச்சா நொறுங்கணும், நசுங்கக்கூடாதும்பாரு" என்றாள் அம்மா.

பிறகு முளைப்புச் சோதனை. நாலு ஈரத்துணி, ஒவ்வொன்றிலும் 100 விதை. பேத்தியின் பள்ளிக்கூட ப்ராஜெக்ட் மாதிரி அம்மா தினம் தண்ணீர் தெளித்தாள். ஆறாம் நாள் எண்ணினோம். 61, 58, 64, 61. சராசரி 61. சான்று விதைக்குக் குறைந்தபட்சம் 80 வேண்டும். "பாத்தியா" என்றார் சித்தப்பா.

நான் பேனாவை எடுத்தேன். எள்ளில் ஆயிரம் விதையின் எடை சுமார் 3 கிராம். ஏக்கருக்கு 2 கிலோ விதைக்கிறோம். அதாவது ஆறரை லட்சம் விதைக்கு மேல். கடைசியில் வயலில் நிற்க வேண்டியது ஒரு அடிக்கு ஒரு செடி என்ற கணக்கில் 45,000 செடிகள்தான். மிச்சத்தை 15-ஆம் நாளும் 30-ஆம் நாளும் பிடுங்கிக் கலைத்துவிடுகிறோம். 61 சதவீதம் முளைத்தால்கூட நாலு லட்சம் வரும்.

சித்தப்பா கணக்கைப் பொறுமையாகக் கேட்டார். "துணியில மொளைக்கிறது வேற, மண்ண முட்டிக்கிட்டு வர்றது வேற தம்பி. வயசான வெத துணியில எந்திரிச்சிரும். மேல ஒரு பொறுக்கு கட்டிருச்சுன்னா அதால முட்ட முடியாது." அவர் சொன்னது சரி. விதை சாவதற்கு வெகு முன்னாடியே வீரியம் குறைந்துவிடும். சோதனைக்கூடத்து முளைப்பு சதவீதம் அதைக் காட்டாது. ஒரு மாவுக்கு அப்பாவின் விதை, மற்ற மூன்று மாவுக்கு டிப்போவில் புது விதை என்று முடிவானது. தென்னை நின்ற இடத்தை உளுந்துக்கே விட்டோம்.

*

பிப்ரவரி 20, மாசி 8. மணலோடு கலந்து விதைத்தார்கள். இவ்வளவு சின்ன விதையை மணல் இல்லாமல் கையால் சீராகத் தெளிக்க முடியாது.

எள்ளுக்கு மாசி ஏன் என்பதற்கு வெப்பத்தில் பதில் இருக்கிறது. மண் 20 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தால் எள் முளைப்பு மந்தமாகிவிடும். மார்கழி, தையில் போட்டால் முளை தயங்கும், பனியில் செடி குன்றும். 25-லிருந்து 35 வரை அதற்குச் சுகமான வெப்பம். பூக்கும் நேரத்தில் 40-ஐத் தாண்டினால் கருப்பிடிக்காமல் பூ உதிரும். எங்கள் ஊரில் தை முடியும்போது இந்த ஜன்னல் திறக்கிறது, சித்திரை நடுவில் மூடத் தொடங்குகிறது. முளைப்பு ஒரு பக்கச் சுவர், அக்னி நட்சத்திரம் மறுபக்கச் சுவர். நடுவே 80, 85 நாள் பயிரை நுழைத்து வெளியே எடுக்க வேண்டும்.

இதில் இன்னொரு சிக்கல். நாம் நாட்களை எண்ணுகிறோம், செடி வெப்பத்தை எண்ணுகிறது. ஒரு ஸ்ப்ரெட்ஷீட் போட்டேன். 15 டிகிரிக்குக் கீழே எள் வளராது என்று வைத்துக்கொண்டு, தினசரி சராசரியில் அதற்கு மேல் இருப்பதை மட்டும் கூட்டிக்கொண்டே வருவது. சராசரி 28 இருந்தால் ஒரு நாளுக்கு 13 புள்ளி. 85 நாளில் 1105. அதே 1105-ஐ சராசரி 31 இருக்கும் கோடையில் 69 நாளிலேயே செடி எட்டிவிடும். சீக்கிரம் விளைந்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் காய்க்குள் விதை நிரம்புவதற்கான நாட்களும் அதில் சேர்த்தே சுருங்குகின்றன. விதை சிறுக்கிறது, எண்ணெய் குறைகிறது. அறுவடை தள்ளிப்போய் மாசி கடைசியிலோ பங்குனியிலோ எள் தெளிப்பவர்களுக்கு ஏன் மகசூல் வருவதில்லை என்பதற்கு இது ஒரு காரணம். கோடை இடிமழையில் மாட்டிக்கொள்வது இன்னொரு காரணம். எள் வறட்சியைத் தாங்கும், வேரில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் தாங்காது.

2024 சித்திரை வெயிலை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நான் சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்து மீட்டிங்கில் இருப்பேன். மூலையில் தஞ்சாவூர் வெப்பநிலை ஓடிக்கொண்டிருக்கும். ஏப்ரல் கடைசியில் ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்தேன். செடிகள் இடுப்பு உயரத்துக்கு மேல் நின்றன. தண்டைக் கீழேயிருந்து மேலே பார்த்துக்கொண்டு போனால் ஒவ்வொரு இலைக்கணுவிலும் காய், அப்புறம் சில கணுக்கள் வெறுமை, மறுபடி காய். அந்த வெறுங்கணுக்கள் ஏறக்குறைய எல்லாச் செடியிலும் ஒரே உயரத்தில் இருந்தன. அந்த உயரத்தில் பூத்த வாரத்தில் வெயில் எல்லை மீறியிருக்கிறது. எங்கள் துறையில் சர்வர் எப்போது விழுந்தது என்று பார்க்க லாக் ஃபைலைப் படிப்போம். இங்கே தண்டைப் படித்தால் போதும்.

அப்பா விதையின் மாவில் சந்துகள் தெரிந்தன. சித்தப்பா சொன்னபடிதான், பொறுக்கு கட்டிய இடங்களில் முளை வரவில்லை. ஆனால் வந்த செடிகள் புது விதைச் செடிகளுக்குச் சளைக்காமல் நின்றன. அங்கங்கே பூவெல்லாம் பச்சை இலைக்கொத்தாக மாறிய செடிகள் சில. தத்துப்பூச்சி பரப்பும் நோய் அது, பைட்டோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் செய்கிற வேலை. "மலட்டுச் செடி, பிடுங்கிப் போடு" என்றபடி அம்மா வரப்பில் நடந்தாள்.

*

மே 9-ஆம் தேதி பேச்சு வந்தது. விதைத்து 79 நாள். வானிலைக் கணிப்பு அடுத்த வார நடுவிலிருந்து டெல்டாவில் மழை என்றது. சித்தப்பா இன்னும் அஞ்சு நாள் நிற்கட்டும் என்றார். மேல்காய் பிஞ்சாக இருந்தது அவருக்கு உறுத்தியது. "அறுத்துப்புட்டா அறுத்ததுதான் தம்பி. இப்ப நுனியில கால்வாசி போயிரும்." நான் போனில் மழை வரைபடத்தைக் காட்டினேன். அறுத்த பிறகும் எள்ளுக்கு ஒரு வாரம் வெயில் வேண்டும். மூன்று நாள் போர், அப்புறம் உதறல், மூன்று நாள் காய்ச்சல். இன்று அறுத்தாலே இறுக்கிப்பிடித்துத்தான் வருகிறது.

அம்மா வயலில் இறங்கி நடுவில் ஒரு செடியைப் பிடித்துக் காயைப் பிரித்தாள். எண்ணவில்லை. நான் மனதுக்குள் எண்ணினேன், பதினொன்று. விதை கருத்திருந்தது, ஓரத்தில் மட்டும் லேசான பழுப்பு. "நாளைக்கு ஆள் சொல்லுங்க தம்பி" என்று சித்தப்பாவிடம் சொன்னாள். சித்தப்பா ஒன்றும் சொல்லாமல் போனை எடுத்தார்.

எள்ளுப் போர் போடுவதைப் பார்க்காதவர்களுக்கு: செடியை வேரோடு பிடுங்கி, நுனி உள்பக்கமும் தண்டு வெளிப்பக்கமுமாக வட்டமாக அடுக்குவார்கள். மேலே வைக்கோல் மூட்டம். உள்ளே சூடும் புழுக்கமும் சேரும். மூன்று நாளில் இலை உதிர்ந்து, பிஞ்சுக்காயும் ஓரளவு பழுத்து, எல்லாக் காயும் ஒருசேர வாய் திறக்கத் தயாராகும். செடி 40 நாளாக இழுத்துக்கொண்டு வந்த வயது வித்தியாசத்தை மூன்று நாள் புழுக்கத்தில் முடிந்தவரை சமன்படுத்தும் ஏற்பாடு இது. பிரித்து, தலைகீழாகப் பிடித்து உதறினால் முக்கால்வாசி எள் கொட்டிவிடும். மறுநாள் வெயிலில் போட்டு மறுபடி உதறினால் மிச்சம்.

இந்த வெடிக்கும் குணத்தை ஒழிக்க மனிதர்கள் ரொம்ப நாளாகப் பாடுபடுகிறார்கள். 1943-இல் வெனிசுவேலாவில் லாங்ஹாம் என்ற பயிர் விஞ்ஞானி வெடிக்காத காயுள்ள எள்ளைக் கண்டார். பிரச்சினை தீர்ந்தது என்று நினைத்தால், அந்தக் காய் அடித்தாலும் லேசில் திறக்கவில்லை. பலமாக அடித்தால் மெல்லிய தோலுள்ள விதை நசுங்கியது. வயலில் நிற்கும்போது விதையைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அடிக்கும்போது விட்டுவிட வேண்டும். அந்தச் சமநிலையைப் பிடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகின. இன்று டெக்சாஸ் பக்கம் அப்படிப்பட்ட ரகங்களை இயந்திரத்தால் அறுக்கிறார்கள். உலகத்தில் விளையும் எள்ளின் பெரும்பகுதி இன்னும் கையால்தான் உதறப்படுகிறது.

எங்களுடையது 13-ஆம் தேதி முதல் உதறல், 14-ஆம் தேதி இரண்டாவது. 15-ஆம் தேதி நல்ல வெயில். 16-ஆம் தேதி மத்தியானத்துக்கு மேல் வானம் கருத்து, மாலையில் கொட்டியது. அடுத்த சில நாட்கள் விட்டுவிட்டு மழை. இன்னும் நிற்கட்டும் என்று விட்டிருந்த பக்கத்து வயல்களில் செடியிலேயே காய் நனைந்து கருத்தது. சில இடங்களில் காய்க்குள்ளேயே முளை விட்டதை நான் பார்த்தேன்.

*

எங்கள் எள் வீட்டுக்குள் வந்துவிட்டது, ஆனால் இரண்டு நாள்தான் காய்ந்திருந்தது. சாக்குக்குள் மானியை வைத்தேன், 74. கையை உள்ளே விட்டால் லேசான வெதுவெதுப்பு. எண்ணெய் வித்து மூட்டையில் அந்த வெதுவெதுப்பு நல்ல சகுனமில்லை. விதையும் பூஞ்சையும் மூச்சு விட்டு உண்டாக்கும் சூடு அது. சூடு மூச்சை இன்னும் வேகமாக்கும், மூச்சு விடுவதில் இன்னும் ஈரம் வரும். எண்ணெய் உடைந்து காறல் ஏறும். அஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் நஞ்சு வேறு.

கூடத்தில் இருந்த சோபாவை வெளியே தள்ளி, தார்ப்பாய் விரித்து, எள்ளைப் பரப்பி, இரண்டு மின்விசிறியைச் சுழலவிட்டோம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை காலால் கோடு கிழித்துத் திருப்பிவிட வேண்டும். நான் லேப்டாப்பைத் திண்ணைக்கு மாற்றிக்கொண்டு, மீட்டிங்குகளுக்கு நடுவே எள்ளில் நடந்தேன். மழை விட்ட நாளில் வாசலுக்கு, தூறினால் கூடத்துக்கு. ஆறு நாளில் 56-க்கு இறங்கியது. மொத்தம் 270 கிலோ. அப்பா விதையின் மா 58 கிலோ கொடுத்தது, மற்ற மூன்றும் சேர்ந்து 212.

தார்ப்பாய் வெறும் வசதி இல்லை. 2020-இல் இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு வாயுவின் மிச்சம் இருப்பதாக பெல்ஜியம் எச்சரிக்கை விட்டு, ஐரோப்பா முழுக்கச் சரக்குகள் திரும்பப் பெறப்பட்டன. அந்த வாயுவை அடிப்பதே சால்மொனெல்லா கிருமியைக் கொல்லத்தான். களத்து மண்ணில் கொட்டி, கோழியும் காக்கையும் நடமாடக் காயவைக்கும் எள்ளில் அந்தக் கிருமி சேர வழி நிறைய. ஆயிரம் மைல் தாண்டி ஒரு ரொட்டிக்கடையில் வெடித்த பிரச்சினையின் ஒரு நுனி, இங்கே ஒரு தார்ப்பாய் இல்லாததில் இருக்கிறது.

சித்தப்பாவும் தன் மூன்று மாவில் எள் போட்டிருந்தார். நாங்கள் போடுவதைப் பார்த்துப் போட்டதுதான். அவரும் எங்களோடு 10-ஆம் தேதியே அறுத்தார். ஆனால் அவர் வீட்டில் கூடம் என்பது பத்துக்குப் பத்து அறை. மழையில் பரப்ப இடமில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது, பேரப்பிள்ளைகளுக்குப் பணம் கட்ட வேண்டும். 18-ஆம் தேதி வந்த வியாபாரி கையை மூட்டைக்குள் விட்டுப் பார்த்தார். கிலோ 104 என்றார், மூட்டைக்கு மூன்று கிலோ ஈரக்கழிவு. சித்தப்பா கொடுத்துவிட்டார். எங்கள் எள்ளை நாங்கள் புரட்டாசியில் விற்றபோது கிலோ 131. ஒரே மண், ஒரே வெயில், ஒரே நாள் அறுவடை. கிலோவுக்கு 27 ரூபாய் வித்தியாசம் எங்கள் கூடத்தின் அகலத்திலும் என் சம்பளத் தேதியிலும் இருந்தது.

விளைபொருளை ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக் கிடங்கில் வைத்து அதன்மேல் பொருளீட்டுக் கடன் வாங்கலாம் என்று எனக்குத் தெரியும். அதைச் சித்தப்பாவிடம் சொன்னேன், விலை ஏறும்வரை காத்திருக்கலாமே என்று. "தெரியும் தம்பி. அங்க வைக்கணும்னா காய்ஞ்சிருக்கணும்ல?" என்றார்.

எங்கள் வீட்டிலும் வைப்பதென்பது சும்மா இருப்பதில்லை. சணல் சாக்கு கோடையில் நல்லது, உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியே விடும். அதே சாக்கு ஐப்பசி அடைமழையில் வெளி ஈரத்தை உள்ளே இழுக்கும். புரட்டாசிக்குள் விற்றுவிடு என்று அப்பா சொல்வது விலைக்காக மட்டும் இல்லை. வருடம் பூராவும் வீட்டுக்கு வேண்டியதைச் செக்குக்குக் கொண்டுபோய்க் கருப்பட்டி போட்டு ஆட்டி எண்ணெயாக்கிவிடுவார். நல்லெண்ணெயில் இயற்கையாகவே செசாமின், செசாமோலின் என்ற காப்புப் பொருட்கள் உண்டு. மற்ற எண்ணெய்கள் காறிப்போகும் காலத்திலும் அது தாங்கி நிற்கும். எள்ளாக வைப்பதைவிட எண்ணெயாக வைப்பது அவருக்கு நிம்மதி.

செலவு போக எங்களுக்கு நின்றது பதினாறாயிரத்துச் சொச்சம், மூன்று மாதத்துக்கு. சென்னையில் நான் கொடுக்கும் வாடகையைவிடக் குறைவு. இதைச் சொல்லி எள் லாபம் என்றோ நஷ்டம் என்றோ எழுத எனக்குத் தகுதியில்லை, எங்களுக்கு அது சோறு போடவில்லை. சித்தப்பாவுக்குப் போடுகிறது. அவருக்குத் தேவையானது புது ரகத்துக்கு முன்னாடி நாலு தார்ப்பாயும், மழைக்கு ஒதுங்கப் பத்து நாள் கூரையும்.

அந்த ஆவணியில் தென்னை நின்ற இடத்தில் ஒரு ஓரமாகத் தகரக் கொட்டகை ஒன்று போட்டோம். இருபதடிக்கு முப்பதடி, சிமெண்டுத் தரை, நாலு பக்கமும் திறப்பு. அம்மாவின் யோசனை. அப்பா விதையில் விளைந்த 58 கிலோவில் ஐந்து கிலோவை எடுத்து, ஐந்து நாள் காயவைத்து, இரண்டு டின்னில் அடைத்தாள். ஒன்று எங்களுக்கு, ஒன்று சித்தப்பாவுக்கு. கடைக்கு இனி பாக்கெட்டுக்குப் போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மிச்சத்திலிருந்து ஒரு கிண்ணம் தனியாக எடுத்து அமாவாசைக்கென்று வைத்தாள்.

2025 மாசியில் எட்டு வீட்டுக்காரர்கள் எள் போட்டார்கள். கொட்டகையில் முறை வைத்துக் காயவைத்தார்கள். மானி சித்தப்பாவிடம்தான் இருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, நான் ஆபீசில் இருந்தபோது போன் வந்தது.

"தம்பி, மேலத்தெரு சாக்குல வச்சேன். 63 காட்டுது. கட்டிரச் சொல்லவா?"

"இன்னும் ஒரு நாள் போடச் சொல்லுங்க சித்தப்பா."

"நானும் அதான் சொன்னேன். அவன் வியாபாரி வெளிய நிக்கிறான்னு குதிக்கிறான்" என்றார். பின்னாலே யாரோ சத்தம் போடுவது கேட்டது. "சரி வை, நான் பேசிக்கிறேன்."